வீட்டிலேயே ஸ்போர்ட்ஸ் காரைப் பராமரிக்க எந்த மேனுவலை வாங்குவது?

ஸ்பேனர் செட், ஜாக், ஆக்ஸில் ஸ்டாண்ட் என்று எல்லாவற்றையும் வாங்கி முடித்த பிறகுதான் பலருக்கும் மேனுவல் ஞாபகம் வருகிறது. என்னைக் கேட்டால் முதலில் வாங்க வேண்டியதே அதுதான். எந்த ஸ்பேனர் வேண்டும், எந்த வேலையை வீட்டில் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதையெல்லாம் சொல்லித் தருவது அந்தப் புத்தகம்தான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், குறிப்பாகச் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம், நம் பிள்ளைகளுக்குக் கார் மேல் இருக்கும் பிரியம் எல்லோருக்கும் தெரிந்ததே. ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், ஏதாவது ஒரு வீட்டு வாசலில் பானெட் திறந்திருக்கும். அங்கே நின்று பேசினால் முதலில் வரும் கேள்வி, "எந்தக் கம்பெனி மேனுவல் நல்லது, அண்ணா?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல முடியாது. உங்கள் கார் எது என்று துல்லியமாகத் தெரிந்தால்தான் அதற்கு எந்த மேனுவல் பொருந்தும் என்று சொல்ல முடியும். தென்னாப்பிரிக்காவில் இது இன்னும் முக்கியம், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதலில் காரின் அடையாளம். மாடல் பெயரும் வருடமும் தெரிந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே பெயரில், ஒரே வருடத்தில் வந்த கார்களில்கூட பாதி வருடத்துக்கு ஒரு கியர்பாக்ஸ், மீதிப் பாதிக்கு வேறொன்று என்று இருக்கும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசன்ஸ் டிஸ்க்கைப் பாருங்கள். அதில் விஐஎன் என்ற காரின் அடையாள நம்பரும் இன்ஜின் நம்பரும் அச்சாகியிருக்கும். அந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பிறகு பானெட்டைத் திறந்து இன்ஜின் பிளாக்கில் பொறித்திருக்கும் நம்பரோடு ஒப்பிடுங்கள். இன்ஜின் நம்பர் வேறாக இருந்தால், யாரோ இன்ஜினை மாற்றியிருக்கிறார்கள், பதிவில் திருத்தவில்லை என்று அர்த்தம். அது ஒரு தனிப் பிரச்சினை, அதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். பிஎம்டபிள்யூ மாதிரி கம்பெனிகளில் விஐஎன்னின் கடைசி ஏழு எழுத்துகளைக் கொடுத்தால் எந்த மாதம் தயாரானது, எந்த இன்ஜின், எந்தச் சந்தைக்கானது என்று பாகங்கள் பட்டியலிலேயே தெரிந்துவிடும். இந்த மூன்றும் கையில் இருந்தால்தான் மேனுவலின் அட்டையைப் பார்த்து அது நமக்கானதா இல்லையா என்று சொல்ல முடியும்.

தென்னாப்பிரிக்கா என்றேனே, அதற்கு வருகிறேன். இங்கே தயாரான ஸ்போர்ட்ஸ் கார்கள் பல வேறு எங்கும் கிடைக்காதவை. பிரிட்டோரியா பக்கம் ரோஸ்லினில் இருக்கும் பிஎம்டபிள்யூ ஆலையில் 1980களின் நடுவில் 333ஐ என்று ஒரு கார் செய்தார்கள், மொத்தம் 204 தான். இ30 என்று அழைக்கப்படும் அந்தக் காலத்து 3 சீரிஸ் உடலுக்குள் பெரிய 3.2 லிட்டர் இன்ஜினைத் திணித்ததில் இடமே போதாமல், பவர் ஸ்டீரிங் வேண்டுமா ஏசி வேண்டுமா என்று வாங்குகிறவர் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஐரோப்பாவில் அச்சான இ30 மேனுவல் எதிலும் இந்த இன்ஜின் இருக்காது. அதற்கு இன்ஜின் அத்தியாயத்தை அதே குடும்ப இன்ஜின் போட்ட 5 சீரிஸ், 7 சீரிஸ் கார்களின் மேனுவலில்தான் தேட வேண்டும். பிரேக்குக்கும் கூலிங்குக்கும் எந்த மேனுவலையும் நம்பி எண்களை எடுக்காமல், போட்டிருக்கும் பாகம் எது என்று முதலில் பார்க்க வேண்டும்.

அதற்குப் பின்னால் வந்த 325ஐஎஸ் இன்னும் பெரிய பொறி. அமெரிக்காவிலும் 325ஐஎஸ் என்றே ஒரு கார் விற்றார்கள், ஆனால் அது சாதாரண 2.5 லிட்டர் இன்ஜின் போட்ட இரண்டு கதவு கார். நம்முடையது பந்தயத்துக்காகவே தீட்டிய கார், பிந்தைய வகைகளில் இன்ஜினே 2.7 லிட்டர். அமெரிக்க மேனுவலில் 2.7 லிட்டர் என்று ஒரு இன்ஜின் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது பெட்ரோல் மிச்சப்படுத்துவதற்காகக் குறைந்த ஆர்பிஎம்மில் ஓடச் செய்த 'ஈட்டா' இன்ஜின். பெயர் ஒன்று, லிட்டர் ஒன்று என்று பார்த்துவிட்டு அந்தப் பக்கத்து எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் கஷ்டம்தான். ஓப்பல் கடெட் சூப்பர்பாஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதை. ஐரோப்பிய 16 வால்வ் கடெட்டின் மேனுவல் முக்கால்வாசி பொருந்தும், ஆனால் இங்கே குரூப் என் என்ற, கடையில் விற்கும் கார்களுக்கான பந்தயத்துக்காகப் போட்ட கேம்ஷாஃப்ட் வேறு. ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் எடுத்துக்கொண்டால், முதல் தலைமுறை கோல்ஃபை மற்ற நாடுகள் 1980களிலேயே விட்டுவிட்டன, இங்கே யூட்டன்ஹேக் ஆலையில் 2009 வரை செய்துகொண்டே இருந்தார்கள். பழைய கோல்ஃப் மேனுவலில் கதவு, சஸ்பென்ஷன், பிரேக் எல்லாம் ஓரளவு ஒத்துவரும். கடைசி வருடங்களின் எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன், டாஷ்போர்டு, ஒயரிங் எதுவும் அதில் இருக்காது.

இதையெல்லாம் படித்துவிட்டு மனம் தளர வேண்டாம். வெளிநாட்டு மேனுவல் நமக்குப் பயன்படவே படாது என்று நான் சொல்லவில்லை. எந்த அத்தியாயத்தை நம்பலாம், எந்த அத்தியாயத்தைச் சந்தேகத்தோடு படிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள் என்கிறேன். அவ்வளவுதான்.

சரி, மேனுவல் என்று பொதுவாகச் சொல்கிறோம், ஆனால் அந்தப் பெயரில் நான்கைந்து விதமான புத்தகங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் வேலையும் வேறு.

கிளவ்பாக்ஸில் கிடக்கும் ஓனர்ஸ் ஹேண்ட்புக்கை யாரும் மதிப்பதில்லை. பழைய கார் வாங்கும்போது அது இருக்கிறதா என்றுகூடக் கேட்பதில்லை. ஆனால் காற்றால் குளிரும் பழைய போர்ஷ 911 வைத்திருக்கும் ஒருவர் அதைப் படிக்காவிட்டால் என்ன ஆகும் பாருங்கள். அந்தக் காரில் ஆயில் தனி டேங்கில் இருக்கிறது. ஆயில் அளவைப் பார்க்க இன்ஜின் நன்றாகச் சூடாகி, சமதரையில் நின்று, ஐடிலில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மற்ற கார்களில் செய்வது போலக் காலையில் குளிர்ந்த இன்ஜினில் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயிலே இல்லாத மாதிரி தெரியும். பதறிப்போய் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் என்று ஊற்றினால் அளவு எகிறிவிடும், மிஞ்சிய ஆயில் காற்று உள்ளிழுக்கும் பக்கம் போய்ப் புகையாகக் கக்கும். இதைச் சொல்ல ஹேண்ட்புக்கில் ஒரு பத்தி போதும். ஜாக்கை எங்கே வைக்க வேண்டும், எந்த ஆயில், டயரில் எவ்வளவு காற்று, எத்தனை கிலோமீட்டருக்கு என்ன சர்வீஸ் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. தாழ்வான ஸ்போர்ட்ஸ் காரில் ஜாக் பாயின்ட் தெரியாமல் தூக்கினால் கீழே இருக்கும் தகடு நசுங்கும், சில சமயம் காரே நழுவும். எனவே ஹேண்ட்புக் இல்லையென்றால் அதைத் தேடி வாங்குங்கள், விலையும் அதிகமில்லை.

அடுத்தது கம்பெனியே தன் டீலர் ஒர்க்‌ஷாப்புகளுக்காக எழுதிய ஃபேக்டரி மேனுவல். எண்கள் விஷயத்தில் இதற்கு மேல் ஆதாரம் கிடையாது. ஆனால் இது யாருக்காக எழுதப்பட்டது என்பதை மறக்கக்கூடாது. பயிற்சி பெற்ற மெக்கானிக், கையில் கம்பெனியின் விசேஷக் கருவிகள், மேலே தூக்க லிஃப்ட், இவையெல்லாம் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டுதான் எழுதியிருப்பார்கள். போர்ஷ 944 இல் டைமிங் பெல்ட் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்று பார்த்தால் 9201 என்ற எண்ணுள்ள கருவியை வைத்து அளக்கச் சொல்வார்கள், அளவும் அந்தக் கருவியின் கணக்கில்தான் இருக்கும். அந்தக் கருவி இல்லாதவனுக்கு அந்தப் பக்கம் ஒரு பூட்டிய கதவு மாதிரி. "இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றவும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள், எந்த நட்டு எங்கே ஒளிந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில். ஆரம்பத்தில் இருப்பவர் இதை மட்டும் வாங்கினால் மிரண்டுபோவார்.

அந்த மிரட்சியைத் தீர்க்க வந்தவைதான் ஹெய்ன்ஸ் மாதிரியான வெளி நிறுவனங்களின் மேனுவல்கள். இதன் பிறப்பே ஒரு ஸ்போர்ட்ஸ் காரில்தான். ஜான் ஹெய்ன்ஸ் பிரிட்டிஷ் விமானப் படையில் ஏடனில் இருந்தபோது நண்பர் ஒருவரின் ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட்டைப் பிரித்துப் பூட்ட உதவினார். கம்பெனி மேனுவல் சாதாரண ஆளுக்கு விளங்கும்படி இல்லையே என்று பார்த்துவிட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்துக்கொண்டே வேலை செய்தார். 1966 இல் வந்த முதல் ஹெய்ன்ஸ் ஒர்க்‌ஷாப் மேனுவல் அந்த ஸ்ப்ரைட்டுக்கானது. ஒரு காரை உண்மையாகவே பிரித்துப் பூட்டிப் பார்த்து எழுதுவது என்ற அந்த முறையால்தான், விசேஷக் கருவி இல்லாதபோது என்ன செய்யலாம், எந்த போல்ட் துருப்பிடித்து அடம்பிடிக்கும் என்றெல்லாம் இவற்றில் கிடைக்கிறது. குறையும் உண்டு. ஒரே புத்தகத்தில் நான்கு சிலிண்டர் குடும்பக் காரிலிருந்து ஆறு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் மாடல் வரை அடைத்துவிடுவார்கள். அதில் அதிகம் விற்ற சாதாரண மாடலுக்குத்தான் படங்கள் அதிகம், ஸ்போர்ட்ஸ் மாடலுக்கு ஓரத்தில் இரண்டு வரி. புதிய கார்களுக்கு அச்சு மேனுவல் போடுவதை நிறுத்தப்போவதாக ஹெய்ன்ஸ் 2020 இல் அறிவித்தது. எனவே புதிய கார் வைத்திருப்பவர்கள் இணையச் சந்தா வழியைத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் பென்ட்லி பதிப்பகம் (அதே பெயருள்ள கார் கம்பெனி அல்ல) போடும் மேனுவல்கள் ஃபேக்டரி மேனுவலுக்கும் ஹெய்ன்ஸுக்கும் நடுவில் நிற்பவை. பிஎம்டபிள்யூ, ஃபோக்ஸ்வாகன், போர்ஷ ஆட்கள் அவற்றை விரும்புவதில் நியாயம் இருக்கிறது. விவரம் அதிகம், எண்கள் அதிகம். ஆனால் அவை அமெரிக்காவில் விற்ற கார்களுக்காக எழுதப்பட்டவை என்பதை மட்டும் ஒவ்வொரு பக்கத்திலும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, பாகங்கள் பட்டியல். இதை யாரும் மேனுவல் என்றே நினைப்பதில்லை. ஒரு கேலிப்பரையோ வாட்டர் பம்பையோ பிரித்து வெளியே பரப்பி வைத்த மாதிரி வரைந்து, ஒவ்வொரு வாஷருக்கும் நம்பர் போட்டிருப்பார்கள். பல கம்பெனிகளுக்கு இது இணையத்தில் இலவசமாகவே பார்க்கக் கிடைக்கிறது. பூட்டி முடித்த பிறகு கையில் ஒரு ஸ்பிரிங் மிச்சம் இருந்தால், அது எங்கே போக வேண்டும் என்று இந்தப் படம் சொல்லும். வேலை தொடங்கும் முன் பார்த்தால் இன்னும் நல்லது. எந்த கேஸ்கட், எந்த ஆயில் சீல், ஒரு தடவைக்கு மேல் போடக்கூடாத எந்த போல்ட் எல்லாம் வாங்க வேண்டும் என்று முன்பே பட்டியல் போட்டுவிடலாம். சனிக்கிழமை மதியம் கடை மூடிய பிறகு காரைப் பிரித்துப் போட்டுவிட்டுத் தலையில் கை வைக்க வேண்டியிருக்காது. ஐந்தாவது ஒயரிங் படங்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது நாட்டு விஷயம். அமெரிக்க மேனுவலுக்கும் பிரிட்டிஷ் மேனுவலுக்கும் நடுவில் தேர்ந்தெடுக்கும் நிலை வந்தால், மற்றவை சமமாக இருக்கும் பட்சத்தில், நான் பிரிட்டிஷைத்தான் எடுப்பேன். அவர்களும் நம்மைப் போல வலது பக்கம் ஸ்டீரிங் வைத்து ஓட்டுகிறவர்கள். அமெரிக்கப் படத்தில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர், கிளட்ச் குழாய், ஸ்டீரிங் தண்டு எல்லாம் எதிர்ப்பக்கம் இருக்கும். ஸ்டீரிங் தண்டு ஒரு பக்கம் இல்லாததால் அங்கே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைச் சுலபமாகக் கழற்றிக் காட்டுவார்கள், நம் காரில் அதே இடத்தில் தண்டு குறுக்கே நிற்கும். அப்புறம் ஒரு சின்ன விஷயம்: மேனுவலில் இடது, வலது என்றால் பொதுவாக ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து முன்னால் பார்க்கும்போது வரும் இடது, வலதுதான். பானெட் முன்னால் நின்று இன்ஜினைப் பார்த்துக்கொண்டு படித்தால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

அளவுகளில்தான் உண்மையான ஆபத்து. போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற டார்க் அளவு நமக்கு நியூட்டன் மீட்டரில் பழக்கம். அமெரிக்க மேனுவலில் பெரிய போல்ட்டுகளுக்கு அடி-பவுண்டு, சின்னவற்றுக்கு அங்குல-பவுண்டு. ஒரு அடி-பவுண்டு என்பது ஏறத்தாழ 1.36 நியூட்டன் மீட்டர், அங்குல-பவுண்டு அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. வால்வ் கவர் மாதிரி இடங்களில் இருக்கும் சின்ன 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் என்றால் அது 89 அங்குல-பவுண்டு. அந்த 89 ஐ அடி-பவுண்டு என்று படித்து டார்க் ரெஞ்சை வைத்தால் 120 நியூட்டன் மீட்டர் ஆகிறது, அதாவது கிட்டத்தட்ட சக்கரத்து போல்ட்டை இறுக்கும் அளவு. ரெஞ்ச் 'டக்' என்று சொல்வதற்கு வெகு முன்பே போல்ட் அலுமினியத்துக்குள்ளேயே முறிந்துபோகும். பழைய ஜப்பானிய மேனுவல்களில் கிலோகிராம்-மீட்டர் என்று இருக்கும், அதைக் கிட்டத்தட்ட பத்தால் பெருக்கினால் நியூட்டன் மீட்டர். நல்ல மேனுவல் எல்லா அலகுகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடும். ஒரே ஒரு அலகு மட்டும் போட்ட மேனுவலைத் தவிர்க்க முடியுமானால் தவிர்த்துவிடுங்கள்.

பெட்ரோல் ஆக்டேன் எண்ணிலும் இதே குழப்பம். இங்கே பங்க்கில் பார்க்கும் 93, 95 என்பவை ரான் (RON) என்ற கணக்கில் வரும் எண்கள். அமெரிக்க பங்க்கில் எழுதும் எண் வேறு கணக்கு, அவர்களின் 91 ஏறத்தாழ நம் 95 க்குச் சமம். அமெரிக்கப் புத்தகத்தில் 91 போதும் என்று போட்டிருக்கிறதே, நம் 93 அதைவிட மேல்தானே என்று நினைத்து ஊற்றினால் உண்மையில் கீழே போய்விட்டீர்கள். ஜோகன்னஸ்பர்க் மாதிரி ஆயிரத்து எழுநூறு மீட்டர் உயரத்தில் டர்போ இல்லாத இன்ஜின் 93 இல் சமாளிக்கும், காற்று அங்கே மெலிந்திருப்பதால் இன்ஜின் தட்டாது. டர்பனில் கடல் மட்டத்தில் அதே காருக்கு அந்தச் சலுகை கிடையாது. வார இறுதியில் மலைமேலிருந்து இறங்கி வருகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று, இந்த நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2006 தொடக்கம் வரை விற்பனையில் இருந்தது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை ஈயம் கெடுத்துவிடும், அதனால் 1980கள், 90களின் நம் கார்கள் பலவற்றில் அதுவும் இல்லை, எக்ஸாஸ்ட்டில் ஆக்ஸிஜன் சென்சாரும் இல்லை. அதே காலத்து அமெரிக்க மேனுவல் முழுக்க அவற்றைச் சுற்றியே எழுதியிருக்கும். உங்கள் காரில் இல்லாத சென்சாரைத் தேடி அரை நாள் போக்குவதற்குப் பதிலாக, கன்வெர்ட்டர் இல்லாத மாடலையும் சேர்த்து எழுதிய ஐரோப்பியப் பதிப்பைத் தேடுங்கள்.

ஒரு மேனுவல் நல்லதா என்று எப்படிச் சோதிப்பது? அட்டையையோ பக்க எண்ணிக்கையையோ பார்க்காதீர்கள். நீங்கள் அடுத்து செய்யப்போகும் ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அந்தப் பக்கத்தை மட்டும் கடையில் நின்றபடியே முழுதாகப் படியுங்கள். இ30 325 இல் வால்வ் இடைவெளி சரிசெய்வதை வைத்துச் சொல்கிறேன், வீட்டில் செய்யக்கூடிய, செய்தால் சத்தத்திலேயே வித்தியாசம் தெரிகிற வேலை அது. மோசமான மேனுவல் "வால்வ் இடைவெளியை 0.25 மில்லிமீட்டருக்குச் சரிசெய்யவும்" என்று முடித்துவிடும். சுமாரானது, இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று சேர்க்கும். நல்லது என்ன செய்யும் தெரியுமா? குளிர்ந்தது என்றால் கூலன்ட் 35 டிகிரிக்குக் கீழே என்று எண்ணாகவே சொல்லும். பிப்ரவரி மாத மதிய வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே நிற்கும் கார், ஓடாமலே அந்தச் சூட்டைத் தொட்டுவிடலாம். எனவே டர்பனில் இது விடியற்காலை வேலை. பற்றவைக்கும் வரிசை 1-5-3-6-2-4 என்று கொடுத்து, ஆறாவது சிலிண்டரின் வால்வுகள் ஒன்று மூடி மற்றது திறக்கும் நேரத்தில் முதலாவதைச் சரிசெய், இரண்டாவது அசையும்போது ஐந்தாவதை, நான்காவது அசையும்போது மூன்றாவதை என்று ஜோடிகளை எழுதியிருக்கும். வால்வை அழுத்தும் ராக்கரின் நுனியில் இருக்கும் சின்ன வட்டின் ஓட்டையில் வளைத்த கம்பியைச் செருகித் திருப்புவதைக் கிட்டப் படமாகக் காட்டும். நட்டை இறுக்கும்போது இடைவெளி மாறிவிடும், எனவே இறுக்கிய பிறகு, இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜை மறுபடி விட்டுப் பார் என்று எச்சரிக்கும். இந்தக் கடைசி வாக்கியம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வேலையைக் கையால் செய்தவர் எழுதிய புத்தகம் அது.

"பூட்டுவது, கழற்றியதன் தலைகீழ் வரிசை" என்ற வாக்கியம் எல்லா மேனுவலிலும் வரும். ஏர் ஃபில்டருக்கு அப்படி எழுதினால் பரவாயில்லை. டைமிங் பெல்ட்டுக்கு அப்படி எழுதியிருந்தால் புத்தகத்தை வைத்துவிட்டு நகருங்கள். மேலே சொன்ன இ30 325 இல் இருக்கும் பிஎம்டபிள்யூ எம்20 இன்ஜினில் பெல்ட் அறுந்தாலோ பல் மாறிப் பூட்டினாலோ வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதில் குறிகளை எப்படிச் சேர்ப்பது, பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரை எப்போது விடுவது, பூட்டிய பிறகு இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி குறிகளைப் பார்ப்பது என்று தனித்தனியாக எழுதியே ஆக வேண்டும்.

பழைய பதிப்பா, புதிய பதிப்பா என்பதையும் கவனியுங்கள். இதற்கும் எம்20 இன்ஜினே உதாரணம். முதலில் அதற்குச் சிலிண்டர் ஹெட்டைப் பிடிக்க அறுகோணத் தலை போல்ட்டுகள் போட்டார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே அவற்றின் தலை முறிந்து உள்ளே விழுந்து இன்ஜினைக் கெடுத்ததால், பிஎம்டபிள்யூ பிறகு டார்க்ஸ் எனப்படும் நட்சத்திர வடிவத் தலை போல்ட்டுகளுக்கு மாற்றியது. இறுக்கும் முறையும் மாறியது. முதல் பதிப்பு மேனுவலில் பழைய போல்ட்டுக்கான முறை மட்டும்தான் இருக்கும். கார் வந்து சில வருடங்கள் கழித்து அச்சான மேனுவலை வாங்குவது இதனால்தான் நல்லது. கூடவே கம்பெனி டீலர்களுக்கு அனுப்பிய சர்வீஸ் புல்லட்டின்களில் உங்கள் இன்ஜினுக்கு என்னென்ன வந்திருக்கிறது என்றும் தேடிப் பாருங்கள்.

"அங்கிள், யூட்யூப் இருக்கும்போது புத்தகம் எதுக்கு?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வீடியோவில் கை எப்படி அசைகிறது, எந்தக் கோணத்தில் ஸ்பேனர் போகிறது என்று பார்க்கலாம், அதைப் புத்தகம் தராது. ஆனால் வீடியோவில் இருப்பவரின் கார் எந்த நாட்டுக் கார், எந்த மாதத்து இன்ஜின் என்று பெரும்பாலும் தெரியாது. டார்க் எண்ணை அவர் வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுவார், சில சமயம் சொல்லவே மாட்டார். வீடியோவைப் பாருங்கள், எண்ணை மேனுவலிலிருந்து எடுங்கள்.

பிடிஎஃப்பா அச்சா என்றால் எனக்கு அச்சு. கிரீஸ் கையோடு போனைத் தொட முடியாது, பக்கத்தில் விரித்து வைத்த தாளில் ஒரு எண்ணெய்க் கறை விழுந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. லோட்ஷெட்டிங் நாட்களில் வைஃபை போய்விடும், பாதி கழற்றிய பிரேக்கோடு உட்கார்ந்திருக்க வேண்டும். பிடிஎஃப்தான் கிடைக்கிறது என்றால் செய்யப்போகும் வேலையின் பக்கங்களை மட்டும் முதல் நாளே அச்சிட்டுக்கொள்ளுங்கள். இணையத்தில் சுற்றும் திருட்டு ஸ்கேன்களில் ஒயரிங் படங்கள்தான் முதலில் பலியாகின்றன. பெரிய மடிப்புத் தாளை இரண்டாக வெட்டி ஸ்கேன் செய்திருப்பார்கள், நடுவில் இருக்கும் ஒயர்களின் நிறக் குறியீடு படிக்கவே முடியாது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் வரும் பிரச்சினையில் பாதி மின்சாரம்தான், அதிலும் கடல் காற்றில் எர்த் இணைப்புகள் பச்சை பூத்துப்போகும் நம் ஊரில். ஒயரிங் படத்தில் மூன்றைப் பாருங்கள்: ஒவ்வொரு ஒயருக்கும் நிறம், ஒவ்வொரு கனெக்டருக்கும் எண், அந்தக் கனெக்டர் காரில் எங்கே இருக்கிறது என்று காட்டும் தனிப் படம். மூன்றாவது இல்லாவிட்டால் ஒயர் எங்கே போகிறது என்று தெரியும், எங்கே போய்த் தொடுவது என்று தெரியாது.

பழைய புத்தகக் கடையிலோ ஞாயிறு சந்தையிலோ மேனுவல் வாங்கினால் முதலில் கடைசிப் பக்கங்களைத் திருப்புங்கள். ஒயரிங் அங்கேதான் இருக்கும், கிழிந்துபோவதும் அங்கேதான். முந்தைய சொந்தக்காரர் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தால் விலை குறைக்கச் சொல்லாதீர்கள், அது உங்களுக்குக் கிடைத்த லாபம்.

புதிய கார்களுக்கு நிலைமை வேறு. 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள தென்னாப்பிரிக்கக் காம்படிஷன் கமிஷன் (போட்டி ஆணையம்) வழிகாட்டுதல்கள் வந்த பிறகு, வாரண்டி இருக்கும் காரையும் டீலர் அல்லாத ஒர்க்‌ஷாப்பில் காட்டலாம், கம்பெனிகள் தொழில்நுட்ப விவரங்களை அந்த ஒர்க்‌ஷாப்புகளுக்குத் தர வேண்டும் என்ற நிலை வந்திருக்கிறது. சில கம்பெனிகள் தங்கள் மேனுவலை இணையத்தில் மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ கட்டணம் வாங்கிக்கொண்டு பார்க்க விடுகின்றன. ஒரு பெரிய வேலைக்கு முன் ஒரு நாள் சந்தா எடுத்து, தேவையான பக்கங்களைப் படித்துக் குறிப்பெடுத்துக்கொள்வது நல்ல வழி. இந்தக் கார்களுக்கான மேனுவலில் எரர் கோடு பட்டியல் இருக்கிறதா என்பதோடு நிற்காதீர்கள். அந்தக் கோடு வந்தால் எதை முதலில் அளப்பது, எத்தனை வோல்ட் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து எங்கே என்று படிப்படியாக இருக்க வேண்டும். கோடின் அர்த்தம் மட்டும் போட்டிருந்தால் அது இலவசமாகவே எங்கும் கிடைக்கும். ஏர்பேக் இருக்கும் காரில் ஸ்டீரிங், டாஷ்போர்டு பக்கம் எந்த வேலையானாலும், பேட்டரியைக் கழற்றிய பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று அந்தக் காரின் மேனுவலே சொல்ல வேண்டும், வேறு காரின் கணக்கை எடுக்கக்கூடாது.

இவ்வளவையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. முதலில் ஹேண்ட்புக். அதைப் படித்து முடித்ததும் உங்கள் இன்ஜினையும் ஸ்டீரிங் பக்கத்தையும் சேர்த்து எழுதிய ஹெய்ன்ஸ் மாதிரி ஒரு மேனுவல். பாகங்கள் பட்டியலை இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஃபேக்டரி மேனுவலை இன்ஜினையோ கியர்பாக்ஸையோ திறக்கும் நாள் வரும்போது வாங்கினால் போதும், அதற்குள் அதன் மொழியும் உங்களுக்குப் புரிய ஆரம்பித்திருக்கும். கூடவே டார்க் ரெஞ்ச் ஒன்று, அது இல்லாமல் மேனுவலில் இருக்கும் எண்களால் பயனில்லை. முதல் வேலையாக பிரேக் ஆயில் மாற்றுவதை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 க்கு இறங்கிவிடுகிறது. டர்பன் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று மேனுவல் சொன்னால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். எந்தச் சக்கரத்தில் ஆரம்பித்து எந்தச் சக்கரத்தில் முடிக்க வேண்டும், ஏபிஎஸ் இருந்தால் தனி முறை உண்டா, காற்று வெளியேற்றும் நிப்பிளை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற மூன்றுக்கும் பதிலை உங்கள் மேனுவலில் விரல் வைத்துக் காட்ட முடிந்தால் காரை ஜாக்கில் தூக்கலாம்.